அலாட்மென்ட் ஷெட்டுக்கு சோலார் விளக்கு: டிசம்பரை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கிழக்கு லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த அலாட்மென்ட் நிலம், அதில் ஆறுக்கு எட்டு அடியில் ஒரு மர ஷெட். கரண்ட் கிடையாது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டால், வேலை முடிந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. இரண்டு விளக்கு, போன் சார்ஜ், முடிந்தால் ஒரு டீ, இவ்வளவுதான் தேவை. தஞ்சாவூர்ப் பக்கம் அவருடைய அண்ணன் வயலில், மோட்டார் ரூமில் ஒரு 20 வாட் பேனலை மாட்டி வருடம் முழுக்க விளக்கு எரிக்கிறார்களாம். இங்கேயும் அதே அளவு போதுமா, இல்லை பேட்டரியைப் பெரிதாக வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியான பதில். 100 வாட் பேனல் ஒன்று, 20 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) சுமாருக்கு மூடி அடைத்த ஒரு சீல்டு லெட்-ஆசிட் பேட்டரி, நடுவில் பேட்டரிக்குள் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சாதாரண சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, 12 வோல்ட்டிலேயே எரியும் எல்இடி இரண்டு. இன்வெர்ட்டர் வேண்டாம். ஒயர், ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 150 முதல் 200 பவுண்டுக்குள் முடித்துவிடலாம். டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். பேட்டரியைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்ற யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். இங்கே பலரும் பணத்தைத் தொலைப்பது அந்த இடத்தில்தான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலாட்மென்ட் என்பது காய்கறி போட்டுக்கொள்ள உள்ளூராட்சி வாடகைக்கு விடும் துண்டு நிலம். வழக்கமான முழு அளவு சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று அதிகம். வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். பெரும்பாலான இடங்களில் தண்ணீர்க் குழாய் உண்டு, மின் இணைப்பு கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தஞ்சாவூரில் டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் அதே நாளில் 15 பாகைதான். காலை எட்டு மணிக்கு எழுந்து, வீட்டுக் கூரைகளை ஒட்டியே ஊர்ந்துபோய், நான்கு மணிக்கு முன்னால் மறைந்துவிடும். அதுவும் மேகம் விட்டால்தான். பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு பளீரென்ற நேர் வெயிலுக்கு உரியது. ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும் மொத்த ஒளியையும் அந்த நேர் வெயிலாக மாற்றிப் பார்த்தால், தஞ்சாவூரில் மழை மாதமான டிசம்பரில்கூட நான்கு மணி நேரத்துக்கு மேல் தேறும். லண்டனில், பேனலைச் சரியாகச் சாய்த்து வைத்தாலும், டிசம்பர் சராசரி ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜூனில் நாலரை மணி நேரம் வரை போகும், ஆனால் ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் விளக்குக்கு வேலையே இல்லை. தேவை அதிகமாக இருக்கும் மாதத்தில்தான் வரவு குறைவு. ஆகவே கணக்கை டிசம்பருக்குப் போடுங்கள். மற்ற பதினோரு மாதமும் தானாகச் சரியாகிவிடும்.

உங்கள் இடத்துக்கான எண்ணை நீங்களே பார்க்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் பிவிஜிஐஎஸ் என்ற கணக்கீட்டுக் கருவியை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டு, பேனலின் அளவு, சாய்வு, திசை கொடுத்தால் மாதவாரியாக எவ்வளவு யூனிட் கிடைக்கும் என்று சொல்லிவிடும். அதில் வருடாந்திர மொத்தத்தைப் பார்த்து மகிழாதீர்கள். டிசம்பர், ஜனவரி வரிகளை மட்டும் பாருங்கள்.

செலவுப் பக்கம். நீங்கள் தினமும் போகப்போவதில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் விளக்கு இரண்டு என்றால் ஒரு தடவைக்கு 20 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது), வாரத்துக்கு 60. போன் ஒரு தடவை சார்ஜ் ஏற 15 வாட்-அவர் போதும், மூன்றுக்கு 45. கன்ட்ரோலர் தனக்கென்று நாளுக்கு 3 வாட்-அவர் சுமாருக்குத் தின்னும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். வாரத்துக்கு அது 21. ஆகமொத்தம் 126 வாட்-அவர். இது மிகச் சிறிய தொகை, ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு.

வரவுப் பக்கம். 20 வாட் பேனல், நாளுக்கு ஒரு மணி நேரம், ஏழு நாள்: 140. கன்ட்ரோலரிலும் பேட்டரியிலும் வீணாவதைக் கழித்தால் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும், அதாவது 90 சொச்சம். பற்றாது. 50 வாட் என்றால் 230 கிட்ட. பார்க்கப் போதும்போலத் தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் என்பது சராசரி. லண்டனில் டிசம்பர் வாரம் ஒன்று முழுக்கச் சாம்பல் நிறத்தில் போவது அதிசயம் இல்லை. அந்த வாரத்தில் சராசரியில் பாதிதான் கிடைக்கும், 50 வாட் பேனல் 115 கொடுத்து நின்றுவிடும். 100 வாட் பேனல் அந்த மோசமான வாரத்திலும் 230 கொடுக்கும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. அதனால்தான் 100 என்றேன்.

பேட்டரி ஏன் பெரிதாக வேண்டாம்? குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும் வீட்டில் அண்டாவைப் பெரிதாக வாங்கி வைப்பதால் என்ன பயன்? 20 வாட் பேனலுக்கு 100 ஏஹெச் பேட்டரி மாட்டினால் நவம்பர் முழுக்க ஜோராக எரியும், டிசம்பர், ஜனவரியில் வரவைவிடச் செலவு அதிகமாகி வாரா வாரம் இறங்கிக்கொண்டே போகும். அப்படி இறங்கிய பிறகு மார்ச் வரை அது நிரம்பவே நிரம்பாது. லெட்-ஆசிட் பேட்டரி வாரக்கணக்கில் பாதி காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவே செத்துவிடும். பெரிய பேட்டரியை வாங்கி அதைப் பட்டினி போட்டுக் கொல்வதைவிட, சின்ன பேட்டரியை வாங்கி வயிறு நிறைய வைத்திருப்பது மேல். 20 ஏஹெச் பேட்டரியில் 240 வாட்-அவர் இருக்கிறது, பாதிவரை எடுக்கலாம் என்றால் 120. சூரியனே எட்டிப் பார்க்காத ஏறக்குறைய ஒரு வாரத்தை அது தாங்கும். அதற்குமேல் வேண்டியதில்லை.

வாரத்தில் சனிக்கிழமை மட்டும்தான் போவீர்கள் என்றால், இவ்வளவு சிரமமே வேண்டாம் என்பேன். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்றில் 74 வாட்-அவர் இருக்கும். யூஎஸ்பி விளக்கு ஒன்றை அதில் சொருகி மாட்டினால் ஒரு மாலை தாராளமாக எரியும், வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். சோலார் ஆசை வேறு, வெளிச்சத் தேவை வேறு. ஆசை இருப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள், நானும் அந்தக் கூட்டம்தான்.

பேட்டரி வகையில் இங்கே குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லோரும் லித்தியம் லித்தியம் என்கிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நல்ல சரக்குதான், எடை குறைவு, பத்தில் எட்டு பங்குக்கு மேல் எடுக்கலாம், ஆயுளும் அதிகம். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, திரும்ப முடியாத சேதம் ஆகிவிடும். சூடேற்ற வழியில்லாத மர ஷெட், ஜனவரிக் காலை, உறைபனி, அதற்கு மேல் தெளிந்த வானில் வெயில்: சார்ஜ் ஏறக்கூடாத நேரத்தில்தான் நன்றாக ஏறப்பார்க்கும். குளிரில் சார்ஜைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள பேட்டரிகள் கிடைக்கின்றன. லித்தியம்தான் வேண்டும் என்றால் அந்த வசதி இருக்கிறதா என்று விவரக்குறிப்பில் தேடிப் பார்த்து வாங்குங்கள், விற்பவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். கைப்பிடி வைத்துப் பெட்டிபோல் வரும் பவர் ஸ்டேஷன்களுக்கும் இதே குளிர்ப் பிரச்சினைதான்.

இந்த அளவு வேலைக்கு என் ஓட்டு ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும்) சீல்டு லெட்-ஆசிட்டுக்கு. ஆறேழு கிலோ இருக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், குளிரிலும் சார்ஜ் ஏறும். உறைநிலையில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிறைந்த லெட்-ஆசிட் பேட்டரி லண்டன் குளிருக்கெல்லாம் உறையாது, காலியான பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர் என்பதால் அது உறைந்து ஓடு வெடிக்கலாம். பழைய கார் பேட்டரி சும்மா கிடக்கிறதே என்று கொண்டுவராதீர்கள். அது இன்ஜினை ஒரு நொடி உதைத்து எழுப்பச் செய்தது, தகடு மெல்லிசு. மெதுவாகப் பாதிவரை வடித்து மறுபடி நிரப்பும் வேலைக்கு அது சில மாதம்கூடத் தாங்காது. இங்கே கேரவனுக்கு விற்கும் லெஷர் பேட்டரி பரவாயில்லை, ஆனால் பெரும்பாலும் 80 ஏஹெச், 100 ஏஹெச் அளவில்தான் வரும், நமக்கு அது தேவைக்கு மிஞ்சியது.

பேனலை எங்கே மாட்டுவது? ஷெட் கூரையில் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் தெற்குப் பார்த்த சுவரில் என்பேன். டிசம்பரில் சூரியன் 15 பாகையில் நிற்கும்போது, செங்குத்தாக நிற்கும் பேனல் நேர் வெயிலில் கிட்டத்தட்ட முழுவதையும் வாங்கிக்கொள்ளும். கூரையில் படுத்திருக்கும் பேனல் மேல் அதே வெயில் சறுக்கிக்கொண்டு போகும். ஜூனில் செங்குத்துப் பேனல் மோசம்தான், போகட்டும், ஜூனில் நமக்கு என்ன குறை? சுவரில் என்றால் பறவை எச்சம் தங்காது, பனி தங்காது, கூரைத் தார்த்தாளில் ஓட்டை போட்டு ஒழுகவிட வேண்டியதும் இல்லை. கொஞ்சம் மெனக்கெட முடியுமென்றால் அடிப்பக்கத்தைச் சுவரிலிருந்து தள்ளி 60, 70 பாகைச் சாய்வில் நிறுத்துங்கள், அதுதான் குளிர்காலத்துக்கு உகந்த கோணம்.

அதற்கு முன் நிழலைப் பாருங்கள். கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள். 15 பாகைச் சூரியனில் இரண்டு மீட்டர் வேலி நண்பகலில் ஏழரை மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். பக்கத்துப் பிளாட்காரரின் ஷெட், ஆப்பிள் மரம், கண்ணாடிக் குடில் எல்லாம் டிசம்பரில் உங்கள் சுவருக்கு வந்து சேரும். இதை இப்போதே சோதிக்க ஒரு வழி உண்டு. பேனல் வரப்போகும் இடத்தில் நின்று தெற்கே பார்த்து, கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். முஷ்டியின் உயரம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் டிசம்பர் நண்பகல் சூரியன் நிற்கும், காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் ஒரு முஷ்டிதான். அந்தக் கோட்டுக்கு மேலே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அது உங்கள் பேனலை மறைக்கும்.

நிழல் விஷயத்தில் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், கால்வாசிப் பேனல் மறைந்தால் கால்வாசி மின்சாரம் குறையும் என்பதில்லை. சாதாரண 100 வாட் பேனலில் 36 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும், பெரும்பாலும் இரண்டு பைபாஸ் டயோடு (மறைந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்தை விடும் மாற்றுவழி) இருக்கும். ஒரே ஒரு செல் முழுக்க நிழலில் போனால், அது இருக்கும் பாதியை டயோடு ஒதுக்கிவிடும். மீதிப் பாதியின் வோல்ட்டேஜ் 9 வோல்ட் பக்கம். 12 வோல்ட் பேட்டரியில் 9 வோல்ட்டைக் கொண்டு எதை ஏற்றுவது? நேர் வெயில் அடிக்கும்போதும் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான். துணி காயப்போடும் கயிற்றின் மெல்லிய நிழல் ஒன்றும் செய்யாது. அகலமான ஒரு கம்பத்தின் நிழல் போதும், மதிய நேரம் முழுக்கப் போய்விடும். அவரைக்காய்க் கொடி ஏற்ற மூங்கில் கழிகளை ஷெட்டின் தெற்குப் பக்கத்தில் நட்டு, குளிர்காலத்திலும் காய்ந்த கொடியோடு அப்படியே விட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதை எடுத்துப் போட்டாலே பாதி பிரச்சினை தீரும்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை. பிடபிள்யூஎம் மலிவு, பதினைந்து இருபது பவுண்டு. அது பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்து விடுவதுபோலத்தான். பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் கொடுக்கக் கூடியது, ஆனால் பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் 13-ஐ 5.5-ஆல் பெருக்கி 70 வாட் சொச்சம்தான் ஏறும். எம்பிபிடி அந்த உபரி வோல்ட்டேஜையும் ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும், விலை மூன்று நான்கு மடங்கு. நம் 100 வாட்டுக்கு பிடபிள்யூஎம் போதும், மேலே போட்ட கணக்கும் அதை வைத்துத்தான். ஆனால் யாராவது வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய 300, 400 வாட் பேனலை மலிவாகக் கொடுத்தால் நிலைமை வேறு. அவை 12 வோல்ட் பேனல்கள் அல்ல, 30 வோல்ட்டுக்கு மேல் போகும். அதைச் சின்ன பிடபிள்யூஎம்மில் சொருகினால் கன்ட்ரோலர் போய்விடலாம், போகாவிட்டாலும் பாதிக்கு மேல் வீண். அங்கே 75 வோல்ட் தாங்கும் எம்பிபிடி போடுங்கள். இடமும் அனுமதியும் இருந்தால் உண்மையில் அதுதான் நல்ல ஏற்பாடு: பழைய பெரிய பேனல், சின்ன பேட்டரி. மூடிய வானத்திலும் ஏதாவது ஏறிக்கொண்டே இருக்கும்.

கன்ட்ரோலரை வாங்கியதும் இரண்டு அமைப்பை மாற்றுங்கள். ஒன்று, பேட்டரி வகை சீல்டு அல்லது ஏஜிஎம் என்று இருக்க வேண்டும். இரண்டு, விளக்கைத் துண்டிக்கும் வோல்ட்டேஜ். மலிவானவற்றில் பலதும் 11 வோல்ட் வரை வடிய விடும்படி வரும். அது லெட்-ஆசிட்டுக்குக் கொலை. 12-க்கு உயர்த்துங்கள். கொஞ்ச நேரம் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் இருந்த பேட்டரியில் 12.7-க்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. ஐந்து பவுண்டுக்குக் கிடைக்கும் வோல்ட் மீட்டர் ஒன்றைக் கதவருகே மாட்டிவிட்டால், உள்ளே நுழையும்போதே நிலவரம் தெரிந்துவிடும்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ். 12 வோல்ட் அமைப்பா 24-ஆ என்பதைக் கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலைச் சொருகினால் 22 வோல்ட் நேராக வந்து இறங்கும், சில மலிவு கன்ட்ரோலர்கள் அத்தோடு சரி.

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதனால் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் இங்கே ஆபத்து தீ. கையடக்கமான இந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும், மெல்லிய ஒயர் சில நொடிகளில் சிவந்துவிடும். சுற்றிலும் இருப்பதோ காய்ந்த மரம், சணல் சாக்கு, புல் வெட்டும் எந்திரத்துக்கான பெட்ரோல் கேன். எனவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். இது இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் கேனைப் பேட்டரிக்கு எதிர் மூலையில் வையுங்கள், முடிந்தால் ஷெட்டிலேயே வைக்காதீர்கள். பேட்டரியைக் காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால், மேலே மண்வெட்டி சரிந்து இரண்டு முனையையும் இணைத்துவிடும் பயம் இல்லை.

ஒயருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பேனலிலிருந்து உள்ளே வர 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள், முனையில் எம்சி4 இணைப்பான். வெயிலுக்கு வெடிக்காது. கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் வைத்து அங்கேயும் அதே தடிமன் போடுங்கள். அந்த இடத்தில் ஒயர் மெல்லிசாக இருந்தால் கன்ட்ரோலர் பேட்டரியின் வோல்ட்டேஜைத் தப்பாகப் படிக்கும். விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாராளம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றும் நம்மூர் வழக்கம் இங்கே எடுபடாது. ஷெட்டின் ஈரத்தில் ஒரே குளிர்காலத்தில் டேப் இளகி, உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, விளக்கு மினுக்கத் தொடங்கும். கிரிம்ப் செய்யுங்கள் (உலோக முனையை இடுக்கியால் ஒயரோடு நசுக்கிப் பிடிப்பது), அல்லது நெம்புகோல் மூடி உள்ள கனெக்டர் போடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில், வெளியே சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழையும்படி விட்டால், மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். எலி உள்ள ஷெட்டானால் ஒயரை பைப்புக்குள் விடுங்கள். எலி இல்லாத ஷெட்டை நான் பார்த்ததில்லை.

விளக்கு வாங்கும்போது 12 வோல்ட் என்று மட்டும் பார்க்காமல், 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட்டுக்குப் போகும். மலிவான எல்இடி ஸ்ட்ரிப் அதில் சூடேறிச் சீக்கிரம் மங்கும். 5 வாட்டுக்கு 450 லூமன் வரை கிடைக்கும், ஆறுக்கு எட்டு அடிக்கு ஒன்று போதும். உள்சுவரை வெள்ளையடித்துவிட்டால் அதே விளக்கு இரண்டு மடங்கு தெரியும். கறுத்த மரப்பலகை வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும், இதைச் செய்யாமல் மூன்றாவது விளக்கு வாங்குகிறவர்கள் நிறைய. இரண்டாவதைக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்துக்கு அடியில், கீழ்நோக்கி மாட்டுங்கள். பூட்டைத் தேடவும், பறித்த வெந்தயக்கீரையை மண் உதறிப் பையில் போடவும் அதுதான் உதவும். அதற்கு மட்டும் ஆள் அசைவைக் கண்டு எரியும் சென்சார் வைத்தால், அணைக்க மறந்து போகும் பிரச்சினை இல்லை. சென்சார் மேல் சிலந்தி வலை பின்னினால் கண்டபடி எரியும், அவ்வப்போது துடையுங்கள்.

இன்வெர்ட்டர் ஏன் வேண்டாம் என்றேன்? எதையும் சொருகாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே சாதாரண இன்வெர்ட்டர் 5 முதல் 10 வாட் இழுக்கும். ஒரு நாள் மறந்து விட்டுவந்தால் 120 முதல் 240 வாட்-அவர். உங்கள் ஒரு வாரச் செலவு ஒரே நாளில் காலி. போனுக்கு 12 வோல்ட்டிலிருந்து நேராக யூஎஸ்பி தரும் சின்ன சாக்கெட் ஐந்தாறு பவுண்டுக்குக் கிடைக்கிறது.

டீ விஷயம். ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க 26 வாட்-அவர் போதும், கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். உங்கள் இரண்டு விளக்கும் ஒரு மாலை முழுக்க எரிவதைவிட அது அதிகம். அதைவிட, இங்குள்ள கெட்டில் 3,000 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 250 ஆம்பியர், இந்தப் பேட்டரிக்கு நடக்காத காரியம். ஹீட்டர், நாற்றுக்குச் சூடு தரும் தட்டு எல்லாமே அப்படித்தான். சூடு வேண்டும் என்ற இடத்தில் சின்ன சோலாரை மறந்துவிடுங்கள். கேஸ் அடுப்பை ஷெட்டுக்கு வெளியே வைத்துப் பற்றவைத்தால் இஞ்சி தட்டிப் போட்டே டீ குடிக்கலாம்.

திருட்டு. அலாட்மென்ட் ஷெட்கள் உடைபடுவது இங்கே சகஜம், பெரும்பாலும் கருவிகளுக்காக. சுவரில் இருக்கும் பேனல் கண்ணில் படும் என்பது அந்த இடத்தின் ஒரே குறை. போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே செலுத்தி நட்டை உள்பக்கம் முடுக்குங்கள், வெளித்தலை வழவழப்பானதாக இருக்கட்டும். ஷெட் பலகை ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும், வெறும் பலகையில் திருகினால் திருடனுக்கு முன் காற்றே பிய்த்துக்கொண்டு போய்விடும். உள்ளே நிற்கும் மரச்சட்டத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். பேனலின் பின்னால் அஞ்சல் குறியீட்டை அழியாத மையில் எழுதி வையுங்கள், திருட்டுப் பொருளாக விற்பது கடினமாகும். இவ்வளவுக்கும் மேலே மனசு கேட்காவிட்டால், பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வரலாம். சின்ன பேட்டரிக்கு அது இன்னொரு லாபம்.

வாங்குவதற்கு முன் உங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஷெட்டின் அளவுக்கும் உயரத்துக்கும் கவுன்சிலுக்குக் கவுன்சில் விதி வேறு, சில இடங்களில் எதை மாட்டுவதானாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். அந்த அலாட்மென்ட் இடத்தைக் கவனிக்கும் செயலாளரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு, 12 வோல்ட், ஒரு பேனல், கழற்றி எடுக்கக் கூடியது என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

எல்லாம் மாட்டியபின் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடிகாரம் மாற்றும் வாரத்தில் ஈரத்துணியால் பேனலைத் துடைத்து, பேட்டரி முனைகளை முடுக்கி, மீட்டரில் 12.7 காட்டுகிறதா என்று பாருங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை பேட்டரி காலையிலேயே நிறைந்து பேனல் சும்மா நிற்கும். அப்போது மழைநீர்ப் பீப்பாயில் 12 வோல்ட் பம்ப் ஒன்றைப் போட்டுத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் சொட்டுநீர் விடலாம். 40 வாட் பம்ப் அரை மணி நேரம் ஓடினால் 20 வாட்-அவர்தான் ஆகும். பம்புக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள், பீப்பாய் காலியானபின் வறட்டு ஓட்டம் ஓடினால் அது கருகிவிடும்.